ஊர் வழக்கமும் 8 சென்ட் தோப்பும்

சார்பதிவாளர் அலுவலகத்தின் வராந்தாவில் ஒரு மரபெஞ்சு. அதில் என் இரண்டு மாமிமாரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வாப்பாவின் தங்கைமார். எனக்கு அப்போது 11 வயது. எதற்குப் போகிறோம் என்று தெரியாமல் வாப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு போயிருந்தேன்.

பத்திரம் எழுதுகிறவர் தாளை வேகமாக வாசித்து முடித்துவிட்டு, "சம்மதந்தானே?" என்று கேட்டார். கேள்வி மாமிமாரைப் பார்த்து. பதில் சொன்னது மூத்தாப்பா, வாப்பாவின் அண்ணன். "ஊரு வழக்கந்தானே. அவளுவளுக்குச் சீதனம் கெட்டிக் குடுக்கும்பமே குடுத்தாச்சுல்லா."

மாமிமார் எதுவும் பேசவில்லை. மூத்தவள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். போய்க் கைநாட்டு வைத்துவிட்டு வந்தார்கள். வெளியே வந்ததும் இளைய மாமி எனக்கு ரசவடை வாங்கித் தந்தாள். வடை சுற்றியிருந்த தாளில் அவளுடைய பெருவிரல் மை இன்னொரு தடவை பதிந்திருந்தது. எண்ணெய் ஊற ஊற அந்த ரேகை விரிந்து கலங்கிப் போனதை நான் பார்த்துக்கொண்டே தின்றேன். அது விடுதலைப் பத்திரம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது என்று வளர்ந்த பிறகுதான் தெரிந்தது.

தேங்காய்ப்பட்டணத்துக்குப் பக்கத்தில் வாப்பாவின் வாப்பா விட்டுப்போன தென்னந்தோப்பு 48 சென்ட். அவர் மௌத்தாகும்போது, அதாவது இறக்கும்போது, இருந்தது அவர் மனைவி, இரண்டு ஆண்மக்கள், இரண்டு பெண்மக்கள். குர்ஆனின் 4-ஆம் அத்தியாயம் 11, 12-ஆம் வசனங்களின்படி கணக்குப் போட்டால் மனைவிக்கு 8-இல் 1 பங்கு, 6 சென்ட். மிச்சம் 42-ஐ ஆணுக்கு 2, பெண்ணுக்கு 1 என்று பிரித்தால் ஆண்மக்களுக்கு 14, 14. பெண்மக்களுக்கு 7, 7. பிறகு அந்தத் தாயும் மௌத்தானதில் அவருடைய 6 சென்ட்டும் இதே விதத்தில் பிரிந்து, ஆண்மக்களுக்கு 16 வீதம், பெண்மக்களுக்கு 8 வீதம் ஆகியிருக்க வேண்டும். ஆனால் வாப்பாவுக்கு 24, மூத்தாப்பாவுக்கு 24. மாமிமாருக்கு ஒரு மடல்கூடக் கிடையாது.

நான் ஆலிம் இல்லை, மார்க்கம் கற்றுத் தேர்ந்தவன் இல்லை. மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசலில் நடக்கும் ஃபிக்ஹ், அதாவது மார்க்கச் சட்டப் பாடத்தில் பல வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன். 'ஊர் வழக்கம்' என்று மூத்தாப்பா சொன்ன அந்தச் சொல்லுக்கு ஷரீஅத்தில் என்ன எடை என்று தெரிந்துகொள்ளத்தான் முதலில் அங்கே போனேன். வழக்கத்துக்கு மார்க்கத்தில் இடமே இல்லை என்று பாடம் நடத்தும் உஸ்தாத் சொல்லிவிடுவார், அதோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. "வழக்கத்துக்கு நெறைய எடம் இருக்கு மோனே. நீ நெனைக்கதுக்கும் கூடுதலா இருக்கு" என்றுதான் ஆரம்பித்தார்.

தமிழில் வழக்கு என்றால் ஜனங்களின் நடைமுறையும்தான், கோர்ட்டில் நடப்பதும்தான். மாமூல் என்று நாம் சொல்வது அரபுச் சொல். 'நடைமுறையில் செய்யப்பட்டு வருவது' என்பதுதான் அதன் முதல் பொருள். இதே பொருளுக்கு ஃபிக்ஹில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன: ஆதத், உர்ஃப். 'அல் ஆதது முஹக்கமா', அதாவது வழக்கம் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் வைக்கப்படும் என்பது ஃபிக்ஹின் ஐந்து பெரிய அடிப்படை விதிகளில் ஒன்று. நம் கடற்கரை ஊர்களின் மத்ஹபான, அதாவது சட்ட வழியான ஷாஃபியில், 1505-இல் மறைந்த இமாம் ஸுயூத்தி இந்த ஐந்தையும் வரிசையாக எடுத்து விளக்கியிருக்கிறார். ஷரீஅத் ஒன்றைச் சொல்லிவிட்டு அதற்கு அளவோ எல்லையோ வைக்கவில்லை, மொழியிலும் அதற்கு வரையறை இல்லை என்றால் வழக்கத்திடம் போய்க் கேட்க வேண்டும். பூட்டு எது, பாதுகாப்பு எது, ஒரு பொருள் கைமாறியது என்று எப்போது சொல்லலாம், எல்லாம் அப்படித்தான். தோப்பு கைமாறுவதற்கும் ஒரு கூடை நெத்திலி கைமாறுவதற்கும் ஒரே அடையாளம் இருக்க முடியாதில்லையா.

நெத்திலி என்றதும் சந்தைதான் நினைவுக்கு வருகிறது. குளச்சலிலோ தேங்காய்ப்பட்டணத்திலோ காலையில் மீன் வாங்கப் போயிருந்தால் தெரியும். கூறு கூறாகச் சாளை குவித்து வைத்திருப்பாள் அந்த அம்மா. நீங்கள் ஒரு கூறைப் பார்ப்பீர்கள், 100 ரூபாயை நீட்டுவீர்கள். அவள் நோட்டை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, ஒரு கையால் கூறை வழித்து உங்கள் பையில் தட்டுவாள். போகிற போக்கில் ரெண்டு சாளையைக் கூடப் போடுவாள். ஒரு வார்த்தை கிடையாது. ஷாஃபி மத்ஹபின் பழைய சட்டப்படி இந்த வியாபாரம் செல்லாது! 'விற்றேன்', 'வாங்கினேன்' என்று இரண்டு பேரும் வாயால் சொல்ல வேண்டும். சம்மதம் உள்ளத்தில் இருப்பது. அதை வெளியே காட்ட வார்த்தை வேண்டும் என்பது அவர்கள் வாதம். 1277-இல் மறைந்த இமாம் நவவி அந்த மத்ஹபின் பெரிய தூண். அவர்தான் இந்த இடத்தில் வேறு பக்கம் நின்றார். ஜனங்கள் எதை வியாபாரம் என்று எண்ணுகிறார்களோ அது வியாபாரம்தான், வாய்பேசாமல் கொடுத்து வாங்கினாலும் செல்லும் என்பதே அவர் தேர்ந்தெடுத்த கருத்து. இதற்கு 'முஆதாத்' என்று பேர். இன்று நம் பக்கத்தில் ஒருவரும் மீன்காரியிடம் நின்று 'வாங்கினேன்' என்று ஓதுவதில்லை. வழக்கம் அந்த வார்த்தையின் இடத்தில் வந்து நின்றுகொண்டது.

இங்கே ஒன்றைக் குறித்து வைத்துக்கொண்டேன், பின்னால் எனக்கு அதுதான் உதவியது. நவவி வழக்கத்தை ஏற்றுக்கொண்டது அது சம்மதத்துக்குச் சாட்சி சொல்வதால். நோட்டை நீட்டும் கையிலும் மீனைத் தட்டும் கையிலும் சம்மதம் தெரிகிறது. இரண்டு பேருக்கும் மனம் ஒப்பாவிட்டால் கையை இழுத்துக்கொள்ள முடியும்.

நபி (ஸல்) மதீனாவுக்கு வந்தபோது அங்கே ஜனங்கள் பேரீச்சம்பழத்துக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் முன்னாலேயே பணம் கொடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. இல்லாத பொருளை விற்கக் கூடாது என்ற பொது விதிப்படி பார்த்தால் அதைத் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. முன்பணம் கொடுக்கிறவர் தெரிந்த அளவுக்கு, தெரிந்த எடைக்கு, தெரிந்த தவணைக்குக் கொடுக்கட்டும் என்றார்கள். சண்டை வரக்கூடிய முனைகளை மட்டும் வெட்டிவிட்டு வழக்கத்தை வாழவிட்டார்கள். ஸலம் என்று அதற்குப் பேர். நம் தேங்காய் வியாபாரிகளும் முன்பணம் கொடுத்து வைக்கிறவர்கள்தான். ஆனால் 'இந்தத் தோப்பில், இந்த மரத்தில் காய்க்கப் போகிற காய்' என்று பேசினால் ஸலம் ஆகாது. அந்த மரம் காய்க்காமல் போனால் என்ன செய்வது? இன்ன தரத்தில் இத்தனை காய், இந்த மாதத்தில் என்று பேச வேண்டும்.

குடும்பத்துக்குள்ளும் இந்த இடம் உண்டு. குர்ஆன் பல இடங்களில் 'மஃரூஃப்' என்ற சொல்லைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறது. நல்லது என்று ஊருக்குத் தெரிந்தது, நடைமுறையில் ஏற்றது என்று பொருள். உர்ஃபும் மஃரூஃபும் ஒரே வேர். பால் கொடுக்கும் தாய்க்கு உணவும் உடையும் மஃரூஃப்படி என்கிறது 2-ஆம் அத்தியாயம் 233-ஆம் வசனம். எத்தனை படி அரிசி, எத்தனை துணி என்று இல்லை. அபூ ஸுஃப்யானின் மனைவி ஹிந்த் நபியிடம் வந்து, என் கணவர் கஞ்சத்தனம் உள்ளவர், எனக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்டபோது, உனக்கும் உன் பிள்ளைக்கும் போதுமானதை மஃரூஃப்படி எடுத்துக்கொள் என்றுதான் பதில் கிடைத்தது. நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மஹர் பேசாமல் விட்டுப்போனால்கூட, அந்தப் பெண்ணின் வாப்பா வழிப் பெண்களுக்கு வழக்கமாக எவ்வளவோ அவ்வளவு மஹர் அவளுக்கு உண்டு. அங்கே வழக்கம் அவளுக்காகப் பேசுகிறது.

மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஒரு முஃப்தி வெளியூர்க்காரனுக்குத் தன் ஊர் வழக்கத்தை வைத்து ஃபத்வா கொடுக்கக் கூடாது, அவன் ஊர் வழக்கம் என்ன என்று கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றவர் மாலிக்கி மத்ஹபின் எகிப்திய அறிஞர் கராஃபி. 1285-இல் மறைந்தவர். 1869-லிருந்து 1876 வரை துருக்கியின் உஸ்மானிய அரசு ஹனஃபி மத்ஹபின் ஃபிக்ஹைச் சட்டத் தொகுப்பாக்கியபோது, மஜல்லா என்ற அந்தத் தொகுப்பின் 36-ஆவது பிரிவாகவே வழக்கம் தீர்ப்புச் சொல்லும் என்ற அந்த அடிப்படை விதியை வைத்தார்கள். வழக்கத்தில் தெரிந்த ஒன்று, நிபந்தனையாகப் பேசியது போல என்கிறது 43-ஆவது பிரிவு. தென்னை ஏறுகிறவருக்குக் கூலி போக ஒரு தேங்காய் உண்டு என்பது எங்கள் தோப்பில் யாரும் பேசி வைத்ததில்லை. ஆனால் அது அவருடைய உரிமை, கொடுக்காவிட்டால் கடன்.

ஒத்தி விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வழக்கமும் சட்டமும் முட்டிக்கொள்ளும் இடம் அது. நாகர்கோவில் பக்கம் ஒத்திக்கு வீடு எடுத்தவர்கள் எத்தனையோ பேர். மொத்தமாக ஒரு தொகை கொடுப்போம், வாடகை கிடையாது, தவணை முடிந்து வீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது கொடுத்த தொகை முழுசாகத் திரும்பி வரும். எங்கள் குடும்பமும் மூன்று வருடம் அப்படி இருந்தது. கொடுத்த பணத்தைக் கடன் என்று பார்த்தால் வாடகையில்லாமல் குடியிருப்பது கடனுக்கு மேல் வாங்கும் லாபம். அது வட்டியின் வாசலுக்குள் போய்விடும். இதே சங்கடம் பல நூற்றாண்டுகளுக்கு முன்னால் மத்திய ஆசியாவின் புகாராவில் வந்தது. ஜனங்கள் கடனில் மூழ்கிக் கிடந்தார்கள், வட்டி ஹராம், கைமாற்று கொடுக்க ஆள் இல்லை. பணத்தைத் திருப்பித் தந்தால் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்ற பேச்சோடு விற்கும் முறை ஒன்று பரவியது, 'பைஉல் வஃபா'. ஹனஃபி ஆலிம்கள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. இது அடமானம்தான், பலன் எடுக்கக் கூடாது என்றவர்கள் உண்டு. ஜனங்களின் தேவையையும் வழக்கத்தையும் பார்த்து அனுமதித்தவர்களும் உண்டு. மஜல்லாவின் 32-ஆவது பிரிவு புகாராக்காரர்களின் கடனைப் பேர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஷாஃபிகள் வாழும் யமனின் ஹள்ரமவ்த்திலும் இதே போன்ற ஒன்று 'உஹ்தா' என்ற பேரில் நடந்தது. நம்மூர் ஒத்தி அதுதானா, அதிலிருந்து எவ்வளவு விலகியது என்று உஸ்தாத் இரண்டு வெள்ளிக்கிழமை பேசினார். எனக்கு மனம் முழுசாக ஆறவில்லை, அடுத்த வீட்டை வாடகைக்குத்தான் எடுத்தேன். ஆனால் அந்த ஆலிம்கள் ஜனங்களின் கஷ்டத்தை உட்கார்ந்து கேட்டார்களே, அந்த மரியாதை என் மனதில் நின்றது.

ஆக, வழக்கத்துக்கு இவ்வளவு இடம். அப்படியானால் மூத்தாப்பா சொன்னதும் சரிதானே?

இதைக் கேட்டபோது உஸ்தாத் நேரே பதில் சொல்லவில்லை. 4-ஆம் அத்தியாயம் 7-ஆம் வசனத்தை ஓதினார். தாய்தந்தையும் உறவினரும் விட்டுச்சென்றதில் ஆண்களுக்குப் பங்கு உண்டு, பெண்களுக்கும் பங்கு உண்டு, அது கொஞ்சமானாலும் அதிகமானாலும், கட்டாயமாக்கப்பட்ட பங்கு. "அளவு சொல்லாத எடத்துலதான் வழக்கம் வந்து பேசும். இது அளவு சொன்ன எடம். பங்குன்னு மட்டும் சொல்லிட்டு விடல. பின்னால 11, 12-ஆம் வசனம் ரெண்டுல ஒண்ணு, எட்டுல ஒண்ணுன்னு பின்னக் கணக்கோட எறங்கினது."

வேதத்தின் தெளிவான சொல்லுக்கு எதிராக வந்தால் அந்த உர்ஃபுக்கு 'ஃபாஸித்', கெட்டுப்போனது என்று பேர். பொதுவாகப் பரவியிருக்க வேண்டும், பேச்சு நடக்கும் நேரத்தில் நடைமுறையில் இருக்க வேண்டும், இரண்டு பேரும் வேறு மாதிரிப் பேசியிருக்கக் கூடாது என்று மற்ற நிபந்தனைகளும் உண்டு. ஆனால் முதல் நிபந்தனையிலேயே எங்கள் வீட்டு வழக்கம் விழுந்துவிட்டது.

பிறகுதான் இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் இந்தப் பக்கம் சேரும்வரை நாம் திருவிதாங்கூர்க்காரர்கள், கடைசிச் சில வருடம் திருவிதாங்கூர்-கொச்சிக்காரர்கள். அந்த மண்ணில் பெண்ணுக்கு ஸ்திரீதனம் கொடுத்தால் சொத்தில் அவள் கணக்கு முடிந்தது என்பது மதம் பார்க்காமல் வேர்விட்ட எண்ணம். 1916-இன் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் அதை எழுத்திலேயே வைத்தது: மகனின் பங்கில் 4-இல் 1 அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு, ஸ்திரீதனம் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. அந்தச் சமூகத்துப் பெண் மேரி ராய் வழக்குப் போட்டு, 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லித்தான் அது போயிற்று. பக்கத்து நாஞ்சில் நாட்டு வேளாளர் வீடுகளில் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும் மருமக்கள்வழி என்ற இன்னொரு வழக்கம் இருந்தது. பெற்ற பிள்ளைகள் கையைப் பிசைந்துகொண்டு நின்ற வழக்கம். முஸ்லிம்களும் இந்த மண்ணில்தான் குடியிருந்தோம். தேங்காய்ப்பட்டணம் பழைய பள்ளியின் கல்தூண்கள் இந்த ஊர்த் தச்சுமுறையில் நிற்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம்! பள்ளி கிப்லாவை, மக்காவின் திசையைப் பார்க்க வேண்டும் என்பது சட்டம். தூண் எந்தச் சாயலில் இருக்க வேண்டும் என்பது ஊரின் கை. ஆனால் தூணை எடுத்துக்கொண்ட கையோடு சீதனத்தையும் எடுத்துக்கொண்டு, அதற்கு மார்க்கத்தின் சாயம் பூசிவிட்டோம். மஹர் மாப்பிள்ளை கொடுப்பது. நாம் பெண் வீட்டாரிடம் வாங்கிவிட்டு, அதையே காரணம் காட்டி அவள் பங்கையும் எடுத்துக்கொண்டோம்.

இது நம் ஊரின் சங்கதி மட்டும் இல்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் பல இடங்களில் முஸ்லிம் பெண்களுக்கு வழக்கத்தின் பேரால் சொத்து மறுக்கப்பட்டு வந்தது. 1937-இன் ஷரீஅத் சட்டம் அதற்காகவே வந்தது. 'மாறான வழக்கம் எதுவாக இருந்தாலும்' என்றுதான் அதன் 2-ஆவது பிரிவு தொடங்குகிறது. அதிலும் விவசாய நிலத்தை விட்டுவிட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1949-இல் திருத்தம் வந்துதான் நிலமும் உள்ளே வந்தது. நிலம் என்று வந்தால் ஆண்களின் கை எவ்வளவு இறுக்கமாக இருந்திருக்கிறது, பாருங்கள்.

கல்யாணத்தில் கருகமணி கட்டலாமா, நபியைப் புகழும் மௌலிது ஓதலாமா என்று எங்கள் பக்கத்தில் விடிய விடிய பயான் நடந்திருக்கிறது. ஜமாஅத் இரண்டாகப் பிரிந்திருக்கிறது. இரண்டு பக்கத்து ஆண்களும் தங்கைமாரிடம் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கியவர்கள்தான் என்பது எனக்கு இன்றுவரை வேதனை.

மூத்தாப்பாவின் மகன், என் காக்கா, இதற்கு ஒரு பதில் வைத்திருந்தான். பலமான பதில்தான். "மாமிமாரு சம்மதிச்சுத்தானே ஒப்பு வச்சாவ? வாரிசு தன் பங்க விட்டுக் குடுக்கலாம்னு கிதாபுலயே இருக்கே." இருக்கிறது. மௌத்துக்குப் பிறகு, தன் பங்கு எவ்வளவு என்று தெரிந்து, மனம் ஒப்பி விட்டுக்கொடுத்தால் செல்லும். இதைக் கொண்டுபோய் உஸ்தாதிடம் வைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "உன் மாமி கிட்ட 8 சென்ட் உன்னுதுன்னு எப்பமாவது யாராவது சொல்லிருக்காவளா?"

இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) சொன்னதை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். ஒருவனிடம் நாலுபேர் முன்னால் கேட்டு, அவன் வெட்கப்பட்டுக் கொடுத்துவிட்டால், அது சாட்டையால் அடித்து வாங்கியது மாதிரிதான். சாட்டை உடம்பின் மேல் விழுகிறது, வெட்கம் உள்ளத்தின் மேல் விழுகிறது. பின்னால் வந்த ஷாஃபி ஆலிம்கள் இதை 'வெட்கத்தின் வாள்' என்றார்கள். அந்த வாளால் வாங்கியது வாங்கியவனுக்குச் சொந்தமாகாது. மரபெஞ்சும், இழுத்துவிட்ட முக்காடும், மூத்தாப்பா சொன்ன பதிலும் எனக்குக் கண்முன்னால் வந்தன. மீன்காரி பேசாமல் கொடுத்ததும் பேசாமைதான், மாமி பேசாமல் இருந்ததும் பேசாமைதான். மீன்காரிக்கு மனம் இல்லையென்றால் கூறை மூடிக்கொள்வாள். மாமி கையை இழுத்திருந்தால் அண்ணன்மார் வீட்டு நடை அவளுக்கு அடைந்திருக்கும்; பெருநாளைக்கு வந்து நிற்க ஒரு வீடு இருந்திருக்காது.

வாப்பா மௌத்தான பிறகு நான், உம்மா, லாத்தா (என் அக்கா) மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். வாப்பாவின் 24-இல் 16தான் எங்களுடையது. உம்மாவுக்குத்தான் முதலில் கஷ்டமாக இருந்தது. வாப்பாவைக் குற்றம் சொல்வது போல ஆகிவிடுமே என்று. "உங்க வாப்பா கடன் வச்சிட்டுப் போயிருந்தா அடைப்பமா மாட்டமா?" என்று லாத்தா கேட்டாள். உம்மா சம்மதித்தாள். பத்திரப்படி எல்லாம் எங்கள் பேரில் சரியாக இருக்கிறது, எந்தக் கோர்ட்டிலும் ஒருவரும் கேட்க முடியாது என்று வக்கீல் இரண்டு தடவை சொன்னார். தெரியும் என்றேன்.

8 சென்ட்டை 4, 4 என்று இரண்டு மாமிமாருக்கும் எழுதினோம். மூத்த மாமி அதற்குள் மௌத்தாகியிருந்தாள். அவள் பிள்ளைகள் பேருக்குப் போயிற்று. மூத்தாப்பா வீட்டுப் பக்கம் இருக்கும் 8 சென்ட் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. காக்கா என்னோடு பேசுவதைக் குறைத்துவிட்டான். அவன் வீட்டுக்கு நான் போகாமல் இல்லை. போகும்போதெல்லாம் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.

அளக்க வந்த அன்று இளைய மாமியைக் கூட்டிக்கொண்டு போனேன். வயது 70 தாண்டிவிட்டது. சர்வேயர் சங்கிலியை இழுத்துக்கொண்டு போக, மாமி எல்லைக்கல்லைப் பார்க்கவில்லை, மரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றுப் பக்கம் நின்ற ஒரு தென்னையைக் காட்டி, "இது எம் பக்கமா வருது?" என்று கேட்டாள். வருகிறது என்றேன். "வாப்பா இத நட்டப்போ நாந்தான் தண்ணி கோரி ஊத்தினேன்" என்றாள்.

காய் வெட்ட ஆளை அன்றைக்கே கூப்பிட்டோம். அந்த மரத்திலிருந்து 14 காய் விழுந்தது. மாமி குனிந்து ஒவ்வொன்றாகக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, நல்ல விளைந்ததாக ஒன்றை எடுத்து, யாரும் சொல்லாமலே, ஏறினவரின் தளைக்கயிற்றுப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள்.